பதின்மூவர் காத்த காடு

ஓர் ஊருக்கு வீடுகள் இன்றியமையாதன. மக்கள் உலவவும், சிறார் ஓடியாடவும், பறவைகள் தங்கவும் உரிய திறந்த வெளியும் அவ்வாறே இன்றியமையாதது. வீட்டைக் காப்பதற்கு அதன் உரிமையாளர் உளர். பொதுவெளியைக் காப்பவர் யாவர்? அதன் அருகில் வாழ்வோர் மட்டும் முயன்றால் போதுமா? ஆஸ்திரேலிய நாட்டின் சிட்னி நகரில் நிகழ்ந்த நிகழ்ச்சியொன்று இவ்வினாவிற்குத் தக்க விடை பகர்கின்றது.

சிட்னி நகரின் ஒரு பகுதி ஹண்டர்ஸ் ஹில் என்பதாகும். அங்கே பாரமட்டா ஆற்றங்கரையில், ஏறக்குறைய 12 ஏக்கர் பரப்பில், கெல்லீஸ் புஷ் என்னும் காடு உள்ளது. இயற்கையாக மரஞ்செடிகள் வளர்ந்த நிலத்தை அந்நாட்டார் 'புஷ்' என்பர். உலோகம் உருக்கும் ஆலையொன்றைச் சார்ந்திருந்த அந்நிலம், ஊரார் உலவும் இடமாகவும் விளங்கிற்று. 1967-இல் ஆலை அவ்விடம் விட்டு நீங்கியது. பின்னர்க் கட்டட நிறுவனம் ஒன்று அங்கு வீடுகள் எழுப்பத் திட்டமிட்டது.

இதனைத் தடுக்க, 1970-இல் அவ்வூர் மாதர் பதின்மூவர் ஒன்றுகூடினர். அவர்கள் நகராட்சியை வேண்டினர். சட்டமன்ற உறுப்பினரைக் கண்டனர். மாநில முதலமைச்சரையும் அணுகினர். பயன் விளையவில்லை. இறுதியில் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் துணையை நாடினர்.

ஹண்டர்ஸ் ஹில் செல்வர் மிகுந்த ஊர். அவ்வூர்க் காட்டினால் தொழிலாளர் அடையும் பயன் சிறிது. கட்டடம் எழாவிடின் அவர் இழக்கும் கூலியோ பெரிது. எனினும் ஜாக் மண்டி என்பாரைச் செயலாளராகக் கொண்ட அச்சங்கம் அம்மாதரைப் புறக்கணிக்கவில்லை. ஊராரின் விருப்பத்தைப் பொதுக்கூட்டத்தின் வாயிலாக அறிவிக்குமாறு கேட்டது. 1971-இல் நடந்த அக்கூட்டத்தில் அறுநூற்றுவர் திரண்டனர். தம் உறுப்பினர் எவரும் அங்குப் பணி செய்யார் எனச் சங்கம் உறுதி கூறிற்று. சங்கஞ்சாராத ஆட்களைக் கொண்டு வேலையைத் தொடங்க நிறுவனம் முற்பட்டது. அப்போது, அந்நிறுவனத்தின் வேறொரு கட்டடத்தில் பணி புரிந்த தொழிலாளர், 'அக்காட்டில் ஒரு மரம் வீழ்ந்தாலும் இக்கட்டடம் என்றும் முற்றுப்பெறாது நிற்கும்' என அறிவித்தனர். திட்டம் கைவிடப்பட்டது. 1983-இல் மாநில அரசு அந்நிலத்தை மக்களுக்கென வாங்குவதாக அறிவித்தது. இன்று அது பொதுப்பூங்காவாகத் திகழ்கின்றது.

'வீடுகளும் வேண்டுமன்றோ? வேலையை மறுப்பது முறையோ?' எனச் சிலர் வினவலாம். வீடுகள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வீட்டைப் பிறிதோரிடத்தில் கட்டலாம். பன்னெடுங்காலம் தானே வளர்ந்த காட்டைப் பிறிதோரிடத்தில் கட்டுதல் இயலாது. மேலும், கட்டும் கைகளுக்குத் தாம் கட்டுவது யாது என எண்ணிப் பார்க்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையைத் தம் ஊதியத்தைப் பெருக்குவதற்கன்றிப் பிறர் நலத்திற்காகப் பயன்படுத்தியமையே அத்தொழிலாளரின் பெருமையாகும். 'பசுமைத் தடை' எனப் பின்னர்ப் பெயர் பெற்ற இம்முறை, சிட்னியில் வேறு பல இடங்களையும் காத்தது.

பதின்மூவர் முயற்சி இன்றேல் அக்காட்டைப் பற்றிய பேச்சே எழுந்திராது. தொழிலாளர் துணை இன்றேல் அம்முயற்சி வேண்டுகோள் அளவில் நின்றிருக்கும். பயன் பெறுவோரின் ஊக்கமும், பயன் கருதாதாரின் துணையும் கூடிய இடத்திலேயே பொதுநலம் நிலைபெறும். ஆதலின், தம் தெருவில் இல்லாத மரத்திற்கும் நிழல் உண்டென உணர்வோரே பொதுவெளிக்கு உண்மைக் காவலர் ஆவர்.