நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு வைரஸ் வராதா?

"நமக்கெல்லாம் எங்க வைரஸ் வரப்போகுது? நெட்டே ஒழுங்கா வராத ஊரு இது." போர்ட் பிளேரை ஒட்டிய பத்துபஸ்தி போன்ற ஊர்களில் வீட்டுக் கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சு வந்தால் காதில் விழும் பதில் இது. வைரஸ், உளவு மென்பொருள் எல்லாம் மெயின்லேண்டுக்காரர்களின் கவலை, நடுக்கடல் தீவுக்கு அவை வந்து சேராது என்று நம்புகிறவர்கள் நிறைய.

நம்பிக்கை சும்மா பிறக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேரும்வரை அந்தமானின் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் ஓடியது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1,224 கோடி ரூபாயில் போடப்பட்ட அந்தக் கேபிள் நிலைமையை மாற்றிவிட்டது. 2024-இல் போர்ட் பிளேரின் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. மெதுவான நெட் காலத்தில் கைக்குப் பழகிய வழக்கங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஆபத்து இருப்பது அவற்றில்தான்.

முதலில் தூரக் கணக்கைப் பார்ப்போம். சென்னையில் கப்பல் ஏறினால் போர்ட் பிளேர் வர ஏறக்குறைய மூன்று நாள். 2000 மே 4 அன்று மணிலாவில் கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸுக்கு உலகத்தைச் சுற்றிவர ஒரு நாளே போதுமாயிருந்தது. மணிலாவும் ஒரு தீவில் இருக்கிற நகரம்தான். மின்னஞ்சலோடு வந்த கோப்பின் பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. பெயரின் கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்துவிடும். அதனால் பார்த்தவர்கள் கண்ணுக்கு அது வெறும் கடிதமாகத் தெரிந்தது. அந்தக் கடைசித் துண்டுதான் நிரல்.

"எங்க வீட்டுல நெட் கனெக்‌ஷனே இல்ல" என்பவர்களுக்கான பதில் இன்னும் பழையது. 1986-இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ், ஃபிளாப்பியில் ஏறிக் கைமாறிக் கைமாறியே பல நாடுகளுக்குப் போனது. வீடுகளில் இணையம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. அவர்கள் தங்கள் கடை முகவரியையும் போன் நம்பரையும்கூட வைரஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள்.

ஃபிளாப்பியின் இடத்தில் இன்று பென்டிரைவ். நெட் மெதுவாக இருந்த ஊரில் சினிமா, பாட்டு, மென்பொருள் எல்லாம் பென்டிரைவில்தான் வீடு வீடாகப் போயின. பிள்ளை பள்ளி புராஜெக்டைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறான். நாள் முழுக்க ஊரார் பென்டிரைவ்கள் செருகப்படும் கம்ப்யூட்டர் அது. திரும்பி வந்து வீட்டில் செருகினால் மஞ்சள் ஃபோல்டர் ஒன்று புதிதாக நிற்கிறது: 'நியூ ஃபோல்டர்'. இரண்டு முறை தட்டுகிறான். ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை, அவனும் மறந்துவிடுகிறான். உண்மையில் அது ஃபோல்டரே இல்லை. ஃபோல்டர் படத்தை ஒட்டிக்கொண்ட 'நியூ ஃபோல்டர்.இஎக்ஸ்இ' என்ற நிரல். மணிலா வைரஸ் செய்த அதே தந்திரம். சில பென்டிரைவ்களில் இருக்கும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்பதும் இதே குடும்பத்து வேலைதான். செருகியதும் தானாக நிரல் ஓடுகிற ஆட்டோரன் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011-இல் பழைய விண்டோஸ்களிலும் அடைத்தது. அதற்குப் பிறகு இவ்வகை வைரஸ்கள் பெரும்பாலும் நம் விரலைத்தான் நம்பியிருக்கின்றன.

நெட்டைத் துண்டித்துவிட்டால் முழுப் பாதுகாப்பு என்ற வாதம் இதைவிடப் பெரிய இடங்களிலும் எழுந்ததுண்டு. 2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி பரவியபோது, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு இணைக்கப்படவில்லை, எனவே தாக்குதலுக்கு வழியில்லை என்று முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், 30-ஆம் தேதி, அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ஆம் தேதியே, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் அதைக் கண்டுபிடித்திருந்தது. உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் பாதிப்பு இல்லை. அவ்வளவு கறாராகப் பிரித்து வைத்த இடத்திலேயே பக்கத்து அறைவரை வைரஸ் வந்திருக்கிறது. நம் வீட்டில் காலையில் பென்டிரைவ், மாலையில் மொபைல் ஹாட்ஸ்பாட். இதில் பிரிவினை எங்கே இருக்கிறது?

அடுத்தது, "அப்டேட் போட்டா டேட்டா பூரா காலியாயிடும்" என்று அதை அணைத்து வைப்பது. செயற்கைக்கோள் காலத்தில் இது நியாயமான சிக்கனம். ஆனால் அதன் விலை பெரியது. 2017 மே 12 அன்று பரவிய வான்னகிரை என்ற நிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. இடையில் இரண்டு மாத அவகாசம் இருந்தும் போடாதவர்கள்தான் பெருமளவில் மாட்டினார்கள். மாட்டியவற்றில் வயநாட்டு மலையில் இருக்கும் தரியோடு கிராமப் பஞ்சாயத்து அலுவலகமும் ஒன்று. யாரும் அந்தப் பஞ்சாயத்தைக் குறி வைக்கவில்லை. ஓட்டை திறந்திருந்த கம்ப்யூட்டர்களைத் தேடி அந்த நிரல் தானே போனது.

"எங்கிட்ட என்ன இருக்கு திருட?" என்பதற்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பதில், குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள். ரெட்லைன் போன்ற உளவு மென்பொருள்கள் அவற்றை மொத்தமாக அள்ளி அனுப்பிவிடும். 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீசார் பல நாட்டு அதிகாரிகளோடு சேர்ந்து ரெட்லைனின் சர்வர்களை முடக்கினார்கள். இந்த வகை பரவும் முக்கிய வழிகளில் ஒன்று, காசு கொடுக்காமல் 'கிராக்' பண்ணிய மென்பொருள். கிராக்கை நிறுவும்போது "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குத் தலையாட்டும் வீட்டில் பேங்க் கணக்கு, மின்னஞ்சல் எதுவும் பத்திரமில்லை.

"ஆன்டிவைரஸ் போட்டிருக்கு, அது போதும்" என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதுமானது. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஓடவிட்டால் ஒன்றோடொன்று மோதும். ஆனால் புதிதாக வந்த வைரஸைப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு எந்த ஆன்டிவைரஸும் உறுதியாகப் பிடிக்க முடியாது. பட்டியல் புதுப்பிக்க நெட் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

கல்யாணப் போட்டோக்களுக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கும் ஒரு நகலைத் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, வேலை முடிந்ததும் ஒயரைக் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். செருகியே இருக்கும் டிஸ்கையும் வைரஸ் பூட்டிவிடும்.

இன்னொரு வேலைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவைத் திறந்து (விண்டோஸ் 11 என்றால் அதற்குள் 'ஷோ') 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற இடத்தில் டிக் போடுங்கள். இப்போது அந்தப் பென்டிரைவைத் திறந்தால், மஞ்சள் ஃபோல்டருக்குக் கீழே, அதுவரை மறைந்திருந்த '.இஎக்ஸ்இ' தெரியும்.