ட்ரே அடுக்க எதற்கு மேஸ்திரி?

கல்லூரி இரண்டாமாண்டில் என் ரெக்கார்டு நோட்டு மேசையிலிருந்து தரையில் விழுந்தது. தானாக விழவில்லை. நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, சி மொழி ஆய்வகம். கம்ப்யூட்டரில் எழுதி ஓடவைத்த நிரலை மறுபடி நீல மையில் காகிதத்தில் எழுதி, மார்ஜின் கட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். என் நிரல் ஓடியது, விடையும் சரி. ஆனால் ஃபார் லூப்பின் அடைப்புக்குறியை அந்த வரியின் கடைசியிலேயே திறந்திருந்தேன். ஆசிரியருக்கு அது அடுத்த வரியில் தனியாக நிற்க வேண்டும். "அழகா எழுதோணும்னு ஊட்டுல யாரும் சொல்லித் தரலியா?" என்று கேட்டார்.

இல்லைதான். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். அப்பா லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங். சி மொழியின் அடைப்புக்குறி எங்கே நிற்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யார் சொல்லித் தருவது? அத்தனை பக்கத்தையும் திரும்ப எழுதினேன்.

பிற்பாடுதான் தெரிந்தது. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியும் பிரையன் கெர்னிகனும் 1978-ல் எழுதிய புத்தகத்தில் லூப்பின் அடைப்புக்குறி வரியின் கடைசியில்தான் இருக்கிறது. என் பாணியில் குறை இல்லை. ஆசிரியருடைய பாணியும் தப்பில்லை, அதற்கும் ஒரு பெயரும் மரபும் உண்டு. தப்பு வேறு இடத்தில் இருந்தது. இரண்டு சரியான வழிகளில் தனக்குப் பிடித்ததை ஒழுக்கம் என்று பெயரிட்டு, அதை வைத்து ஒரு பிள்ளையின் வீட்டை அளந்தார் பாருங்கள், அங்கே.

*

வேலைக்குப் போன இடத்தில் நீல மை இல்லை, கோடு ரிவ்யூ இருந்தது. முதல் வாரம் நான் அனுப்பிய நிரலுக்கு மூத்தவர்கள் வரிசையாகக் குறிப்பு எழுதினார்கள். காற்புள்ளிக்குப் பின் இடம் விடு. இங்கே இரட்டை மேற்கோள் வேண்டாம், ஒற்றை போதும். இந்த வரி நீளம். இந்தச் சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கட்டும். எல்லாவற்றையும் திருத்தினேன், ஏற்றுக்கொண்டார்கள். பத்து நாளில் வாடிக்கையாளர் கூப்பிட்டார். பட்டியலில் கடைசி பில் மட்டும் கணக்கில் வரவே இல்லை. லூப்பை ஒன்று முன்னதாகவே நிறுத்தியிருந்தேன். அத்தனை கண்கள் அந்த வரியைக் கடந்துபோயின. அந்த வரிக்கும் ஒரு குறிப்பு இருந்தது: கழித்தல் குறியின் இருபுறமும் இடம் விடவும்.

அதனால் இந்தக் கட்டுரையில் நான் நடுநிலை வகிக்கப்போவதில்லை. நிரலின் இடைவெளிகளைப் பற்றி ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குக் குறிப்பு எழுதுவது இன்றைக்கு வெட்டிவேலை. சில இடங்களில் அது வெட்டிவேலை என்பதோடு முடிவதில்லை, அதிகாரமாகவும் இருக்கிறது. அந்த வேலையை டெர்மினலில் அடிக்கும் ஒற்றை வரிக்குக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து வேறு வேலை பார்க்க வேண்டும்.

*

கருவி செய்வது இவ்வளவுதான். நம் நிரலைப் படித்து, எது எதற்குள் அடங்குகிறது என்று ஒரு மரமாக மாற்றிக்கொள்கிறது. நாம் விட்ட இடங்களையும் ஒடித்த வரிகளையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. பிறகு அந்த மரத்தைத் தன் விதிப்படி மறுபடி எழுதித் தருகிறது. பைத்தானுக்கான 'பிளாக்' கருவி இன்னொன்றும் செய்கிறது: தான் எழுதியதைத் திரும்பப் படித்து, பழைய மரமும் புது மரமும் ஒரே பொருள் தருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோப்பில் கை வைக்கிறது. என் ரெக்கார்டைத் தள்ளிவிட்டவர் அந்த அளவு கூடப் படிக்கவில்லை.

2009-ல் கூகுள் 'கோ' மொழியை வெளியிட்டபோது 'கோஃபம்ட்' என்ற கருவியும் கூடவே வந்தது. பாணியை மாற்ற அதில் ஒரு தேர்வும் கிடையாது. எத்தனை இடம் தள்ளலாம் என்று அதனிடம் பேரம் பேச முடியாது. அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக், அதன் பாணி யாருக்குமே பிடித்த பாணி அல்ல, ஆனாலும் அந்தக் கருவி எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்ற பொருளில் 2015-ல் ஒரு உரையில் சொன்னார். 2017-ல் ஜாவாஸ்கிரிப்டுக்கு 'பிரிட்டியர்' வந்தது. 2018-ல் வூகாஷ் லங்கா 'பிளாக்'கைக் கொண்டுவந்தார். ஒரு வரிக்கு 88 எழுத்து, அதற்கு மேல் போனால் ஒடிப்பேன் என்றது. யாரும் செத்துப்போகவில்லை.

இடைவெளி வெறும் அலங்காரம், அதற்கு இத்தனை பேச்சா என்று கேட்பவர்களுக்கு 2014 பிப்ரவரியைச் சொல்வேன். ஐபோனிலும் மேக்கிலும் பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் பகுதியில், 'கோட்டூ ஃபெயில்' என்ற ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி நின்றன. மேலே இருந்த 'இஃப்' இரண்டையும் ஆள்கிறது என்று கண் நம்பிவிட்டது. சி மொழியில் அடைப்புக்குறி இல்லாத 'இஃப்' ஒரு வரியைத்தான் ஆளும். இரண்டாவது வரி எப்போதும் ஓடியது, கையொப்பத்தைச் சரிபார்க்கும் படி நடக்காமலே போனது. ஒரு ஃபார்மேட்டரை ஓட்டியிருந்தால் அந்த இரண்டாவது வரியை இடதுபக்கம் இழுத்து வெளியே நிறுத்தியிருக்கும், கண்ணில் உறுத்தியிருக்கும். ஆக, வடிவம் முக்கியம். முக்கியம் என்பதால்தான் அதை ஆளாளுக்குத் தோன்றியபடி விடக் கூடாது என்கிறேன்.

*

இலக்கியம் படிக்கிற நிரலர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். "நிரலும் எழுத்துதானே? எழுதுறவனோட கை அதுல தெரியணும்ல? எல்லாத்தையும் ஒரே அச்சுல வார்த்தா அது நாமக்கல் பண்ணைக் கூண்டு மாதிரி ஆகிடாதா?"

கூண்டை நான் பார்த்து வளர்ந்தவன், அதனால் முதலில் எழுத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். சொல்லுக்குச் சொல் இடம் கிடையாது. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதையே தேடித்தான் எடுக்க வேண்டும். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சா., பொருளை ஆராய்வதற்கு முன் இந்த வடிவச் சிக்கலைப் பிரிக்கவே எவ்வளவு உழைத்தார் என்பது அவருடைய எழுத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த ஏடுகளின் 'தனித்தன்மை' தொலைந்துவிட்டது என்று இன்று யாராவது ஒப்பாரி வைக்கிறோமா?

ஓலை ரொம்பப் பழசு என்றால் காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டைப் பாருங்கள். 1935-ல் பெரியார் குடிஅரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லை, ளை, னை எழுத்துகளுக்கு முன்னால் வளைந்து நின்ற யானைத் தும்பிக்கை போயிற்று. ணா, றா, னா மற்ற எழுத்துகளைப் போலவே கால் வாங்கின. தமிழக அரசு 1978-ல், அதாவது கெர்னிகனும் ரிச்சியும் புத்தகம் போட்ட அதே வருடம், 13 எழுத்துகளின் மாற்றத்தை ஆணையாக்கியது. தமிழின் அழகு போச்சு என்று அன்றும் சொன்னவர்கள் உண்டு. அதற்குப் பிறகு திருச்செங்கோட்டு மண்ணிலிருந்து பெருமாள்முருகன் எழுதிய நாவல்கள் எல்லாம் இந்தச் சீர்ப்படுத்திய எழுத்தில்தான் அச்சாயின. அவருடைய நடை எங்காவது குறைந்ததா? நடை தும்பிக்கையில் இருக்கவில்லை.

நிரலிலும் அப்படித்தான். ஒரு மாறிக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள், எந்த வேலையைப் பிரித்துத் தனிச் செயற்கூறாக்குகிறீர்கள், எதை எழுதாமலே விடுகிறீர்கள், அடுத்து வருகிறவனுக்கு என்ன குறிப்பு எழுதி வைக்கிறீர்கள், இதில்தான் உங்கள் கை தெரியும். இதில் எதையும் ஃபார்மேட்டர் தீர்மானிப்பதில்லை. 'எக்ஸ்1', 'எக்ஸ்2' என்று பெயர் வைத்தால் அழகாக உள்தள்ளி அதையே திருப்பித் தரும். சமக்குறிகளை நேர்க்கோட்டில் நிறுத்துவதுதான் தன் தனித்தன்மை என்று ஒருவர் நினைத்தால், அவரிடம் வேறு தனித்தன்மை இருக்கிறதா என்று அவர்தான் யோசிக்க வேண்டும்.

*

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

பழைய நிரல் முழுவதையும் ஒரே நாளில் ஃபார்மேட் செய்தால், எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று தேடும்போது எல்லாம் ஃபார்மேட் செய்தவர் பெயரில் வரும். உண்மை. 2019-ல் வந்த கிட் 2.23 பதிப்பு இதற்கு வழி செய்தது: அந்த ஒரு கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் வரலாறு தேடும்போது அதைத் தாண்டிப் போகும். கையால் அடுக்கிய எண் அட்டவணையைக் கருவி குலைத்துவிடும் என்பதும் உண்மை. அந்த இடத்தில் மட்டும் கருவியை நிறுத்திவைக்க பிளாக்கில் ஒரு குறிப்பு வரி போதும்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. இந்த விதியெல்லாம் யார் போட்டது? ஒரு வரிக்கு 80 எழுத்து என்ற வழக்கம் 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் 80 பத்திகளிலிருந்து வந்தது. நம்மைக் கேட்டு வைத்ததல்ல. 'கொடு' என்பது நமக்கு இரண்டெழுத்து, யூனிகோடில் நான்கு குறிகள். குறிகளை எண்ணி அகலம் பார்க்கிற கருவி தமிழ் வரியைத் தேவைக்கு முன்பே நீளம் என்று சொல்லிவிடும். இதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்த விதி ஒரு கோப்பில் எல்லோரும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. தப்பென்றால் சுட்டிக்காட்டலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஒருமுறை ஏற்றுக்கொள்ளப்பட்டால் அந்தக் கருவியைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் மாறும். என் ஆசிரியரின் தலைக்குள் இருந்த விதியை நான் எங்கே போய்த் திருத்துவது?

கூண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகளை மார்க்குக்காக அடைத்து வைத்ததைப் பற்றி இதே இணையத்தில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அங்கே அச்சில் வார்க்கப்பட்டது சிந்தனை. வடிவம் சுத்தமாக இருந்தால் உள்ளே இருப்பதும் சரி என்று பழக்கினார்கள். ஃபார்மேட்டர் அந்தப் பழக்கத்தை உடைக்கிறது. எல்லோருடைய நிரலும் ஒரே மாதிரி சுத்தமாக இருக்கும்போது சுத்தத்துக்கு மார்க் போட முடியாது. அதற்குப் பிறகு உள்ளே இருப்பதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

சிலருக்கு இது பிடிக்காததன் காரணமும் அதுவே. லூப் ஒன்று முன்னதாக நிற்கிறதா என்று பார்க்க, எதிராளி எழுதியதைப் புரிந்துகொள்ள வேண்டும். இடம் விடவில்லை என்று சொல்ல எதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, பதவி இருந்தால் போதும். 'சரியான பாணி' என்பது எழுதி வைக்கப்படாத இடத்தில், அண்ணனோ மாமாவோ ஏற்கனவே கம்பெனியில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும். ராசிபுரத்திலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிப் போகிறவனுக்குத் தெரியாது. தெரியாததைத் திறமையின்மை என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதிவிடுவார்கள். அந்த வேலிக்கு இலவசமாக ஒரு கேட் போட்டிருக்கிறார்கள், ஒரு வரி கட்டளையில். அதை இன்னும் திறக்காமல் வைத்திருப்பதை நான் அறியாமை என்று மட்டும் எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

சேலம், நாமக்கல் கல்லூரிகளில் பாடம் எடுக்கிறவர்களிடம் கேட்கிறேன். முதல் ஆய்வக வகுப்பிலேயே ஃபார்மேட்டரை நிறுவிக் கொடுத்துவிடுங்கள். ரெக்கார்டு நோட்டின் மார்ஜினுக்குத் தருகிற மார்க்கை, "இந்த லூப் ஏன் இங்கே நிற்கிறது?" என்ற ஒரு கேள்விக்குக் கொடுங்கள். ரிவ்யூ செய்கிற மூத்தவர்களுக்கு: இடைவெளியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதக் கை போனால், அதே நேரத்தில் கருவியை அமைத்துவிடலாம். அதன்பின் ஆயுசுக்கும் அந்தக் குறிப்பை எழுத வேண்டியிருக்காது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு ட்ரேயில் 30 குழி, முட்டையை வைத்தால் தானே நேராக உட்கார்ந்துகொள்கிறது. அம்மா ட்ரேயைப் பார்ப்பதே இல்லை. கை மட்டும் ஒவ்வொரு முட்டையாகத் தொட்டுத் திருப்பி, விரிசல் விட்டதை எடுத்து ஓரமாக வைக்கிறது. என் வேலையைப் பற்றிக் கேட்டார். இடைவெளிச் சண்டையை விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அடுக்கறதுக்குத்தான் ட்ரே இருக்குதே சாமி, அப்பறம் அங்க உக்காந்து என்னத்தப் பாக்கறாங்க?" என்றார்.