கணினிக்குக் குலம் பார்க்கும் நாம்

"டெல் நல்லதோ, எச்.பி. நல்லதோ?" மடிக்கணினி வாங்கப் புறப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது இந்த ஒன்றைத்தான். செய்தி அறைகளில் முப்பது ஆண்டுகளாகக் கணினியோடு மாரடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேள்வியே பிழையானது. சம்பந்தம் பேசும்போது குலம் விசாரிப்பது போலக் கணினிக்கும் நாம் குலம் விசாரிக்கிறோம். பழுதானால் எங்கே கொண்டுபோவது, யார் திருத்துவார், எத்தனை நாளாகும் என்று எவரும் கேட்பதில்லை. பழுதே ஆகாத கணினியை இதுவரை எவரும் செய்து விற்கவில்லை. ஆகவே பழுதானால் நம் ஊரிலேயே திருத்தக்கூடியதைத்தான் நான் நம்பகமான கணினி என்பேன்.

இதை எழுதத் தூண்டியது சல்லியில் ஒரு வீட்டில் நடந்த விடயம். திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில், கடலோரத்தில் முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கும் மீனவக் கிராமம் சல்லி. எங்கள் பேச்சில் சல்லி என்றால் காசு என்றும் பொருள். பெயரை வைத்து ஊரின் செல்வநிலையை யாரும் கணித்துவிட வேண்டாம். அங்கே எனக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒரு கடற்றொழிலாளியின் மகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். கணினி விஞ்ஞானம் படிக்கப் போகிறவளிடம் கணினி இல்லை. தாயின் கையிலிருந்த இரண்டு காப்புகள் அடகுக்குப் போயின. ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா சேர்ந்தது. பிழையாக வாங்கினால் மறுமுறை அடகு வைக்க அந்த வீட்டில் வேறு காப்பு இல்லை.

யோசனை சொல்வதற்கு மட்டும் ஆட்களுக்குக் குறைவில்லை. டொரன்டோவில் இருக்கும் தாய்மாமன், தாம் விளையாட்டுக்குப் பாவித்த பெரிய கணினியை அனுப்புவதாகச் சொன்னார். நகரத்துக் கடையொன்றில் பாவித்த கணினி ஒன்றைக் காட்டியிருந்தார்கள். பிள்ளை என்னையும் அழைத்துப் போனாள்.

"ஐயா, இது ஐ-செவின். இதுக்கு மேல ஒண்டும் இல்லை," என்றார் கடைக்காரப் பையன்.

"எத்தனையாம் தலைமுறை, தம்பி?"

"ஐ-செவின் எண்டா ஐ-செவின்தானே ஐயா."

இங்கேதான் ஏமாற்று ஆரம்பிக்கிறது. அந்தப் பையன் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஐ7 என்பது இன்டெல் நிறுவனம் தன் செயலிகளுக்கு இடும் வகைப்பெயர் மட்டுமே. அதற்கு அடுத்து வரும் எண்ணில்தான் விடயம் இருக்கிறது. ஐ7-6600யூ என்றிருந்தால் அது ஆறாம் தலைமுறை, 2015இல் வந்தது, அதற்குள் இருப்பவை இரண்டு கருக்கள். ஐ5-8250யூ என்றிருந்தால் அது எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது, நான்கு கருக்கள். பெயரில் தாழ்ந்ததாகத் தெரிவது வேலையில் உயர்ந்தது. இது வேகத்தோடு முடிகிற கணக்கும் அல்ல. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிடுகின்ற பழைய கணினிகளில் ஒரு பங்கு எங்கள் கடைகளுக்கு வந்து சேர்கிறது. உபுண்டு போட்டுச் சமாளிக்கலாம். என்னுடைய பழைய கணினியில் நான் அப்படித்தான் சமாளிக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி விற்பது வேறு, சொல்லாமல் விற்பது வேறு.

நிறுவனப் பெயரை நம்புகிறவர்களுக்கு இரண்டு பழைய கதைகளை நினைவூட்டலாம். 2006 ஓகஸ்டில் டெல் நிறுவனம் தீப்பிடிக்கும் அபாயத்தால் 41 இலட்சம் மடிக்கணினிப் பற்றரிகளைத் திரும்பப் பெற்றது. உள்ளே இருந்த மின்கலங்கள் சோனி செய்தவை. அதே மாதம் அப்பிளும் சோனி மின்கலம் கொண்ட 18 இலட்சம் பற்றரிகளைத் திரும்பப் பெற்றது. வெளியே இரண்டு குலம், உள்ளே ஒரே சரக்கு. இரண்டாவது கதை அப்பிளுடையது. 2015இல் மெல்லியதாக ஒரு விசைப்பலகையை அறிமுகம் செய்தார்கள். சிறு துகள் புகுந்தாலே விசைகள் சிக்கிக்கொண்டன. 2019இன் இறுதியில்தான் அதைக் கைவிடத் தொடங்கினார்கள். வழக்கை முடிக்க 2022இல் ஐந்து கோடி டொலர் கொடுக்க உடன்பட்டார்கள். தரை முழுவதும் மணலாக இருக்கின்ற சல்லியில் அந்த விசைப்பலகை ஒரு மாதமேனும் தாங்கியிருக்குமா?

ஒரே நிறுவனம் இரண்டு விதமாகவும் செய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். டெல்லின் லற்றிரியூட் வரிசை அலுவலகங்களுக்கு, இன்ஸ்பிரோன் வீட்டுக்கு என்று இருந்தது. எச்.பி.யில் எலீற்புக், பவிலியன் என்று இருந்தது; லெனோவோவில் திங்க்பாட், ஐடியாபாட் என்று அதே பிரிவினை. அலுவலக வரிசையில் பெரும்பாலானவற்றின் அடிமூடியைச் சாதாரணத் திருப்புளியால் கழற்றலாம். எப்படிக் கழற்றிப் பூட்டுவது என்ற கையேட்டை நிறுவனங்களே இணையத்தில் இலவசமாக இட்டிருக்கின்றன. மெல்லிய அழகுக் கணினிகள் பலவற்றில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். அது கெட்டால் தாய்ப்பலகையையே மாற்றச் சொல்வார்கள்.

கடற்கரை வாசிகளுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. சல்லியில் இரும்புக் கதவு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். உப்புத்தூள், காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கணினியின் விசிறி அந்த உப்புக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. "இது அமெரிக்க இராணுவத் தரம்" என்று ஓர் ஒட்டுச்சீட்டைக் காட்டுவார்கள். எம்ஐஎல்-எஸ்ரிடி-810 என்பது பல சோதனைகளின் தொகுப்பு. உப்புப் பனிமூட்டச் சோதனை அதில் 509ஆம் முறை. எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தெரிவு செய்துகொள்ளலாம்; இராணுவம் வந்து சான்றிதழ் கொடுப்பதில்லை. மேசையிலிருந்து விழுத்திப் பார்த்துவிட்டும் அந்தப் பெயரைப் போடலாம். வாங்குகிறவர் 509 இருக்கிறதா என்று கேட்கட்டும், கடைக்காரரின் முகத்தைப் பார்க்கட்டும்.

மின்சாரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏறிய ஒரு குரங்கின் மீது பழியைப் போட்டார்கள். குரங்கு மறுப்பறிக்கை விடவில்லை. இப்படிப்பட்ட நாட்டில் கழற்றி மாற்றக்கூடிய பற்றரி ஆடம்பரம் ஆகாது.

இனிப் புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பதினோராம் மாதம் திரை இருண்டது. உத்தரவாதக் காலம் முடிய ஒரு மாதம் இருந்தது. கொழும்பிலுள்ள முகவர், வாங்கிய நாட்டில்தான் உத்தரவாதம் செல்லும் என்று கைவிரித்துவிட்டார். ஆறு வாரம் அங்கும் இங்கும் அலைந்தபின், புதிய கணினியின் பாதி விலையைத் திரைக்கே கேட்டார்கள். அந்தக் கணினி இன்றும் என் அலுமாரியில் அன்பின் அடையாளமாக இருக்கிறது. பாரிசிலிருந்து வருபவற்றில் வேறொரு வேடிக்கை. பிரெஞ்சு விசைப்பலகையில் க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். பாமினி முறையில் தட்டிப் பழகிய எங்கள் விரல்களுக்கு அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் விழுவது இன்னொன்று. அனுப்புவதென்றால் பணத்தை அனுப்புங்கள். பிள்ளைகள் உள்ளூரில், பற்றுச்சீட்டோடு, திரும்பப் போய்ச் சண்டை பிடிக்கக்கூடிய கடையில் வாங்கட்டும்.

சண்டை பிடிப்பதற்கும் கையில் தாள் வேண்டுமே. அந்தக் கடையில் காட்டிய உத்தரவாத அட்டை முழுவதும் ஆங்கிலம். "உடல்ரீதியான சேதமும் ஈரப்பதனால் வரும் பாதிப்பும் உள்ளடங்கா" என்ற வரி மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. கடலோர மாவட்டத்தில் விற்கும் கணினிக்கு ஈரப்பதன் உள்ளடங்காது என்றால் அந்த அட்டையில் மிஞ்சுவது என்ன? தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. காப்பை அடகு வைத்த தாய் வாசிக்க முடியாத தாளை உத்தரவாதம் என்று கொடுப்பதை நான் வியாபாரம் என்று சொல்லமாட்டேன்.

நாங்கள் வேறொரு கடைக்குப் போனோம். அங்கே விற்பவரும் திருத்துபவரும் ஒருவரே. எட்டாம் தலைமுறைச் செயலியுள்ள, பாவித்த அலுவலகக் கணினி ஒன்றை எடுத்து, நான் கேட்டதும் முகம் சுளிக்காமல் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே துருவில்லை. நினைவகத்துக்கு இன்னுமொரு இடம் காலியாக இருந்தது. பழைய பற்றரியைக் கழற்றிப் புதியதைப் போட்டார். மூன்று மாதத்துக்குள் எது பழுதானாலும் தாமே திருத்தித் தருவதாகப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் தமிழில் எழுதி ஒப்பமிட்டார். கேட்டது தொண்ணூற்றெட்டாயிரம். மிச்சக் காசோடு அன்று பின்னேரமே தாயும் மகளும் அடகுக் கடைக்குப் போனார்கள். ஒரு காப்பையாவது மீட்க அது போதவில்லை, வட்டியில் கொஞ்சம் கட்டிவிட்டு வந்தார்கள். டொரன்டோ மாமன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.