இந்தத் தமிழ் இணையத்தைக் கட்டியது யார்?

சொந்தமாக இணையதளம் கட்டுவது வேலையற்றவர்களின் வேலை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை தீர்ப்பு எழுதியிருக்கிறது. முகநூலும் யூடியூபும் இலவசமாக இடம் தரும்போது டொமைன் எதற்கு, சர்வர் எதற்கு, எச்டிஎம்எல்லோடு மல்லுக்கட்டி இரவுகளைத் தொலைப்பது எதற்கு என்று அதை எழுதியவர் கேட்கிறார். பொழுதுபோக்குத் தளங்களால் தமிழுக்கு எந்தப் பயனும் விளைந்ததில்லை என்கிறார். இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே செய்துகொடுத்துவிடும், ஆகவே இளைஞர்கள் இதில் இறங்க வேண்டாம் என்று அறிவுரையும் வழங்குகிறார்.

பறவைகளின் வட்டாரப் பெயர்களுக்கென்று பல ஆண்டுகளாக ஒரு தளம் நடத்திவருகிறேன். என் தளத்தைப் பார்த்துவிட்டு அதை மட்டும் அவர் இகழ்ந்திருந்தால் விட்டிருப்பேன். தமிழுக்குப் பயனில்லை என்ற வரியை விட முடியாது. அது வரலாறு தெரியாமல் எழுதிய வரி. தெரிந்தே எழுதியிருந்தால் பொய்.

1995-இல் சிங்கப்பூரிலிருந்து தமிழ் எழுத்து இணையத்தில் ஏறியபோது அதற்குப் பின்னால் நின்றவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தது? வீட்டுக் கணினிகளில் தமிழ் தட்டச்சு பரவக் காரணமான எ-கலப்பை மென்பொருளை முகுந்தராஜ் இலவசமாகக் கொடுத்தார். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதை எழுதியவர்கள் மாலை நேரங்களில் எழுதினார்கள். 2005-இல் ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்கக் கிளம்பிய ‘நூலகம்’ தளமும் தன்னார்வலர்கள் கையில் பிறந்ததுதான். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஒரு சமூகம் தன் நூல்களை இரண்டாம் முறையும் இழந்துவிடக் கூடாது என்று தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்தவர்களை, வேலையற்றவர்கள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

இவை விதிவிலக்குகள் என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் விதி எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். அந்தக் காலத்தில் பெரும் நாளிதழ்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. ஒரு தாளின் செய்தியை இன்னொரு தாளின் எழுத்துருவில் படிக்க முடியாது, தேட முடியாது. பணமும் ஆட்களும் இருந்த இடங்களில் நிலைமை இதுதான். எல்லோருக்கும் பொதுவான குறியேற்றம் வேண்டும் என்று பேசி, சண்டையிட்டு, திஸ்கியை வகுத்து, பிறகு யூனிகோடுக்கு நகர்ந்தவர்களில் எத்தனை பேர் தனி ஆர்வத்தால் வந்தவர்கள் என்பதைக் கட்டுரையாளர் தேடிப் பார்த்திருக்கலாம்.

இதில் அவர் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் முன்பு திஸ்கியில் இருந்தன. யூனிகோடு வந்தபோது அவற்றை மாற்ற முடிந்தது. ஏன் முடிந்தது? கோப்புகள் அவர்கள் கையில் இருந்தன. எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எளிய உரை, எளிய எச்டிஎம்எல். அதே காலத்தில் ஃபிளாஷில் அலங்காரமாகக் கட்டப்பட்ட தளங்களை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கு ஆதரவு முடிந்தது. அந்தத் தளங்கள் இன்றைய உலாவியில் வெற்றுக் கட்டங்கள். உலகின் முதல் இணையப் பக்கத்தை 2013-இல் செர்ன் ஆய்வகம் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய அந்த எச்டிஎம்எல்லை இன்றைய கைப்பேசி எந்தச் சிரமமும் இல்லாமல் திறக்கிறது. கருவி எளிமையாக இருந்தால் படைப்புக்கு ஆயுள் கூடும். இதை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. தளம் நடத்தித் தெரிந்துகொண்டேன்.

இலவச இடம் என்கிறாரே, அந்த இடங்களின் கதையையும் பார்த்துவிடலாம். 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கானவர்கள் வீட்டுப் பக்கம் வைத்திருந்தார்கள். 1999-இல் யாஹூ அதை வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. ஆர்குட் 2014 செப்டம்பரில் போயிற்று. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். தமிழ் எழுத்தாளர்களும் வாசகர்களும் இரவு பகலாக விவாதித்த ‘மரத்தடி’யும் ‘ராயர் காப்பி கிளப்’பும் யாஹூ குழுமங்களில் நடந்தவை; அந்தச் சேவையை நிறுவனம் 2020 டிசம்பரில் முற்றாக மூடிவிட்டது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்குக்கு இந்தியா தடை விதித்ததும், சிற்றூர்களிலிருந்து பெயர் வாங்கிய எத்தனையோ கலைஞர்களின் பார்வையாளர் கூட்டம் ஒரே இரவில் காணாமல் போனது. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. அவர்களிடம் தங்களுக்கென்று ஒரு முகவரி இருந்திருந்தால் ரசிகர்களை அங்கே வரச் சொல்லியிருக்கலாம். இருந்ததில்லை. முகவரியே வேண்டாம் என்று இளைஞர்களுக்கு இன்று போதிப்பவர், இந்த வரலாற்றில் எதைப் பார்த்து அப்படி ஒரு முடிவுக்கு வந்தார்?

தனித்தளங்களும்தான் அழிகின்றன என்று ஒரு குறுக்குக் கேள்வி வைத்திருக்கிறார். அவர் கட்டுரையில் விடை சொல்லத் தகுந்த ஒரே கேள்வி அதுதான். அழிகின்றன. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பிறகு திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குக் காட்டியது. ஆனால் தனித்தளம் அழிவதற்கு மருந்து உண்டு. டொமைனை ஒரு நிறுவனத்திலும் தளத்தை இன்னொரு நிறுவனத்திலும் வைத்துக்கொண்டால் ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது நிற்கும். மூலக் கோப்புகளின் பிரதி வீட்டில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் வேறு இடத்தில் எழுப்பிவிடலாம். பொதுவில் திறந்திருக்கும் எளிய பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் எடுத்து வைத்துக்கொள்ளும். உள்நுழைந்தால் மட்டும் காட்டும் முகநூல் பதிவை அதனால் எடுக்க முடியாது. இரண்டு அழிவும் ஒன்றே என்று எழுதுவது, இரண்டையும் அறியாமல் எழுதுவது.

இனி, இரவுகளைத் தொலைத்து என்ன கற்றீர்கள் என்ற கேள்வி. விரிவாகச் சொல்கிறேன்.

என் தளத்தில் பறவைப் பெயர்களை அகர வரிசையில் தருகிறேன். ஆந்தை, ஆலா, ஆனைச்சாத்தன் என்று வர வேண்டும். கணினியிடம் விட்டால் ஆந்தை, ஆனைச்சாத்தன், ஆலா என்று அடுக்கும். காரணம், யூனிகோடு அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்த இடத்தில் ‘ன’ உட்கார்ந்திருக்கிறது. ‘ர’வுக்கு அடுத்து ‘ற’. நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி. புள்ளிக் குறியும் அட்டவணையில் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் நிற்பதால், ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் அப்பால் தள்ளப்படும். அட்டவணையின் எண் வரிசையை நம்பி ஓர் அகராதியை இணையத்தில் ஏற்றினால் அது அகராதியாக இருக்காது. உலாவிக்குள்ளேயே தமிழுக்கான வரிசை விதி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் மொழி தமிழ் என்று குறித்து அடுக்கச் சொன்னால் சரியாக அடுக்கும். ஆனால் அப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மீன்கொத்தி என்ற பெயரில் உள்ள ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எளிய தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். பல இடங்களிலிருந்து வரும் உரையில் இரண்டும் கலந்து கிடக்கும். உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும் என்பது தமிழில் தளம் நடத்தும் எவரும் முதல் மாதத்திலேயே அறிய வேண்டிய பாடம். பெரிய நிறுவனங்களின் தமிழ்த் தேடுபெட்டிகளே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பக்க அமைப்பும் அப்படியே. ஆங்கிலத்துக்கென்று வரைந்த வார்ப்புருவில் தமிழை ஊற்றினால், மேலே விலங்கும் கீழே கொக்கியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். வரி உயரத்தைக் கூட்ட வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. கைப்பேசித் திரையில் இரு ஓரமும் சமமாக நிறுத்தினால் நடுவே பள்ளம் பள்ளமாக வெள்ளை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக விட்டால் கண் தடையின்றிப் போகும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை உலாவி தானாகத் தடிக்கவைத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். இவற்றில் எதையும் முகநூல் என்னைத் தீர்மானிக்க விடாது. என் வாசகருக்குக் கண் நோகாமல் ஒரு பக்கம் கொடுப்பது என் பொறுப்பு என்று நினைக்கிறேன். இது வீண் வேலை என்றால், புத்தகத்துக்கு நல்ல தாளும் அச்சும் தேடிய பதிப்பாளர்கள் எல்லோரும் வீணர்கள்தான்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. வேர்ட்பிரஸில் தொடங்கினேன். பெயர்ப் பட்டியலுக்கு டேட்டாபேஸும் இருபது பிளகின்களும் தேவையில்லை என்று தெளிந்ததும் மார்க்டவுன் கோப்புகளுக்கு மாறினேன். ஹ்யூகோ அவற்றைப் பக்கங்களாக்குகிறது, கிட் ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்திருக்கிறது. பூட்டுக்குறிக்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. செலவு என்று பார்த்தால் டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். நானும் அதைப் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி. ஒரு பக்கம் கேட்டால் நிமிடத்தில் தருகிறது. அகர வரிசைப்படுத்து என்றால் எண் வரிசையில் அடுக்கித் தந்துவிட்டு வேலை முடிந்தது என்று சொன்னால், அது தவறு என்று கண்டுபிடிக்கப்போவது யார்? தளத்தை வேறு நிறுவனத்துக்கு நகர்த்த நேம்சர்வரை மாற்றினால், மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவுகளையும் அங்கே எழுத வேண்டும். எழுதாவிட்டால் தளம் அழகாகத் திறக்கும், கடிதம் மட்டும் வராது. வராத கடிதத்தைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். எதைக் கேட்க வேண்டும், வந்ததை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று அறிந்தவருக்குத்தான் இந்தக் கருவி பயன்படும். அந்த அறிவு எங்கிருந்து வரும்? இளைஞர்கள் பெறவே வேண்டாம் என்று இவர் தடுக்கும் அதே இடத்திலிருந்துதான்.

யாரும் வந்து பார்ப்பதில்லை என்று ஏளனம் செய்திருக்கிறார். கூட்டம் வராது, உண்மை. ஆனால் கரிச்சானை இரட்டைவால் குருவி என்று சொல்லும் ஊரிலிருந்தும், வலியன் என்று சொல்லும் ஊரிலிருந்தும், தவிட்டுக்குருவியைப் பூணில் என்று அழைக்கும் ஊரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தங்கள் பாட்டி சொன்ன பெயரைத் தேடி வருகிறார்கள், இல்லாத பெயரை எழுதி அனுப்புகிறார்கள். நான் சேர்க்கிறேன். அடுத்து அதைத் தேடுபவருக்கு அது கிடைக்கிறது. முகநூலில் போட்டிருந்தால் மூன்றாம் நாள் அந்தப் பெயர் யார் கண்ணிலும் படாத ஆழத்துக்குப் போயிருக்கும்.

கடைசியாக ஒன்று. தம் எழுத்தெல்லாம் முகநூலில் பத்திரமாக இருக்கிறது, வேண்டும்போது மொத்தமாக இறக்கிக்கொள்வேன் என்று உறுதியாகச் சொல்கிறார். அங்கிருந்து ஜேசன் வடிவில் இறக்கியவர்கள் பலரும் கோப்பைத் திறந்து பார்த்தபோது அதில் தமிழ் இருக்கவில்லை. நம் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். அந்த மூன்றையும் மூன்று தனி லத்தீன் எழுத்துகளாகப் பாவித்து எழுதியிருந்ததால் பக்கம் முழுக்கப் புரியாத குறிகள். எழுத்து அழிந்துவிடவில்லை. லத்தீன் என்று தவறாக எண்ணியதைப் பைட்டுகளாகத் திருப்பி, யூடிஎஃப்-8 என்று மறுபடி வாசிக்கச் சொன்னால் தமிழ் திரும்பி வரும். பைத்தானில் சில வரிகள் போதும். அந்த வரிகளை எழுதிப் பொதுவில் போட்டு வைத்திருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் இப்படிப்பட்ட வேலைகளைச் செய்துகொண்டிருக்கும் ஆட்கள். கட்டுரையாளருக்குத் தேவைப்படும் நாளில் நானும் செய்து தருகிறேன். இளைஞர்களுக்குச் சொன்ன அறிவுரையை அவர் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும்.