தையற்காரரின் அளவு நாடா

சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட்டையும் கமர்ஷியல் தெருவையும் ஒட்டிய சந்துகளில் தையற்கடைகள் பல உண்டு. தீபாவளி, ரம்ஜான், செப்டம்பர் மாதத்து மாதா திருவிழா ஆகிய நாட்கள் நெருங்கும்போது, புதுத்துணி தைக்கக் கொடுப்போருடன் பழைய கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துத் தரக் கேட்போரும் அங்கே நிற்பர். ஓர் அங்குலம் விட்டால் போதும் என்பதே வழக்கமான வேண்டுகோள். மருத்துவர் அறியுமுன் தையற்காரர் அறிந்துவிடும் செய்தி அது. நாமோ அதைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். பூசினாற்போன்ற உடலை வளமான வாழ்வின் அடையாளமாகக் கருதும் பழக்கம் நம் வீடுகளை விட்டு இன்னும் நீங்கவில்லை.

எடை இயந்திரம் காட்டும் எண்ணைக் காட்டிலும் அந்த ஓர் அங்குலத்தையே நாம் அதிகம் பொருட்படுத்த வேண்டும். 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம் இருவரின் உடலளவுகளையே சான்றாக வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் உடல்நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! உலக அளவில் 25 என்னும் குறியீட்டில் தொடங்கும் மிகை எடையை நம் நாட்டு மருத்துவர்கள் 23இலேயே தொடங்குவதும், 25ஐ எட்டினாலே உடற்பருமன் என்பதும் இத்தகைய வேறுபாட்டினால்தான்.

வயிற்றினுள் படியும் கொழுப்பு வாளாவிருப்பதில்லை. கொழுப்பமிலங்களை வெளிவிட்டு, கல்லீரலில் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவற்றுக்கு அதுவே வழி வகுக்கிறது. மூட்டுவலியும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதலும் உடன் வருவன. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இந்தியருக்கான இடுப்புச் சுற்றளவின் எல்லை. கால்சட்டை அணியுமிடத்தில் அளந்து மகிழ்வது தன்னைத் தானே ஏய்ப்பதாகும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும்.

எல்லையைக் கடந்தவர் மனந்தளர வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மேற்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடே. இத்தனைக்கும் அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடை குறையவில்லையே என்று இரண்டாம் மாதத்தில் நடையை நிறுத்திவிடும் நம்மில் பலர் இதனை இருமுறை படிக்கலாம்.

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்கள் உயரத்தையும் எடையையும் கேட்கின்றன. இடுப்பளவைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அடுத்த முறை அத்தகைய விண்ணப்பத்தை நிரப்ப அமரும்போது, வீட்டுத் தையற்பெட்டியிலுள்ள நாடாவையும் எடுத்து வைத்துக்கொள்வோம்.