மீட்டரை மாற்றும் முன்...

பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பர்களே, இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டு விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறதா? ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் ஆடுகிறதா? அவசரப்பட்டு மீட்டரை மாற்றாதீர்கள். எதைப் போட்டால் எது ஆடுகிறது என்று முதலில் நோட்டில் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். மின்சாரம் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். எர்த் ஒயர் பிடித்திருக்கும் இடத்தில் துரு ஏறினால், அது வேறு விளக்கு வழியாகச் சுற்றிப்போகும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்குங்கள்.

அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடும் மெக்கானிக்கிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள். ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும். 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி இது. எரிந்தால் புதிதாக வாங்க முடியாது. உள்ளே நாமும் இருப்போம்.