யாருக்காக இடம் தேடுகிறோம்?

கோடை விடுமுறையில் கொல்லிமலை சென்று திரும்பிய ஒரு பாட்டியிடம், "மலையைக் கண்டீர்களா, அம்மா?" என்று வினவினோம். "சன்னலைத்தான் பார்த்தேன், சாமி" என்றார். பிள்ளைகள் ஆகாய கங்கை அருவிக்கு அருகில் அறை எடுத்திருந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கி ஏற அவரால் இயலுமோ? மூன்று நாளும் அறையில் தனித்திருந்தார்.

செம்மேட்டில் தங்கியிருக்கலாமே! பேருந்து நிலையம், கடைவீதி, மருத்துவமனை யாவும் அங்கே உள. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்த களைப்பு நீங்கியபின், வல்வில் ஓரியின் சிலைவரை முதியோரும் மெல்ல நடக்கலாம். இளையோர் பகலில் அருவி கண்டு மீளலாம்.

பெத்லகேமில் புனித சூசையப்பர் இடம் தேடியது தமக்காகவன்று. பேறுகாலம் நெருங்கிய மரியன்னைக்காக. அன்பார்ந்த குடும்பத்தாரே, நம்முள் வலுக்குறைந்தவர் எவரோ, அவருக்கேற்ற இடமே குடும்பத்துக்கு ஏற்ற இடம்.